நீலக் கோட்டின் பையில் ரொட்டித்தூள்

இன்று காலை உன் நீலக் கோட்டில் எறும்பு ஏறியிருந்தது. ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். சுவரில் வரிசை கட்டி வந்து, கோட்டின் கையில் இறங்கி, வலது பைக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பையை எத்தனையோ தரம் திருப்பி உதறிவிட்டேன். இருந்தும் தையலுக்குள் விரல் விட்டுத் துழாவினால் ரொட்டித்தூள் ஒட்டுகிறது. முகர்ந்து பார்த்தேன். உன் பேக்கரி ரஸ்க்கின் ஏலக்காய் வாசம் இல்லை, லேசாகப் புளித்த வாசம். ஸ்பெயின் ரொட்டி. 'இதையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே, கள்ளி' என்றுதான் முதலில் தோன்றியது.

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பரீட்சை ஹாலில் பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்தே தலை நரைத்தவள் நான். ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாலே என் கண் அங்கே போய்விடும். உன்னையும் முதல் நாளிலிருந்தே சந்தேகப்பட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உன் பேக்கரிக்குத் தேங்காய் பன் வாங்க வந்தேன். நீ தரமாட்டேன் என்றாய்.

"டீச்சரு, ஒங்களுக்குச் சுகருன்னு ஊருக்கே தெரியும். பன்னெல்லாம் கெடையாது. காலையில வாங்க, ஓடுவோம்."

பேக்கரிக்காரி பன்னை விற்க மறுக்கிறாள் என்றால் இதில் ஏதோ சூது இருக்கிறது என்றே வீடு வந்து சேர்ந்தேன். என்ன சூது என்று பார்ப்பதற்காகவே மறுநாள் ஷூ மாட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வாரத்துக்குள் 'வாங்க, போங்க' எல்லாம் போய் 'வாரியா, இல்லையா' என்று ஆகிவிட்டது.

சுடிதாரும் ஷூவுமாக ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் ஓடுவதை நத்தம் ரோட்டு டீக்கடை முழுக்க வேடிக்கை பார்த்தது. "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமாப்பு, புடிச்சுத் தாரியா?" என்று நிற்காமலே கேட்டுவிட்டுப் போனாய். நான் கர்த்தரே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நமக்குள் ஒரே ஒரு கட்டு இருந்தது. அதை நீதான் போட்டாய். "ஒருத்தி நின்னா ரெண்டு பேருக்கும் வீடு. அம்புட்டுத்தான்." ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவளும் அன்றைக்கு ஓடக்கூடாது. சிறுமலைப் பிரிவைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் எனக்கு உயிர் போகும். ஆனாலும் நிற்கமாட்டேன். நான் நின்றால் உன் காலையும் கெடும், அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றுவிடுவாய். நீயோ புஸ்ஸு புஸ்ஸு என்று மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவாய். பக்கத்து வீட்டுக் கல்யாணம், மைதா விலை, உன் மருமகனின் மீசை, ஒன்றையும் விடமாட்டாய். பேச்சும் மூச்சும் சேர்ந்து வராத நாள் உனக்கு இருந்ததே இல்லை.

அகரம் பக்கம் ஓடும் நாட்களில் எனக்கு வேறு பயம். வயல்காட்டு நாய்கள். அவை தூரத்தில் குரைத்ததுமே உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு உன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிவிடுவேன். நீ பையிலிருந்து ரஸ்க்கை எடுத்து உடைத்துப் போடுவாய். "ஏலே கருப்பா, டீச்சரு வந்திருக்கு, மரியாதையா நில்லு" என்பாய். அதுவும் நிற்கும்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள உன் மகள் உன்னை ஸ்பெயினுக்குக் கூப்பிட்டபோது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். உள்ளங்கையில் சூத்திரம் எழுதிவந்து என்னிடமே மாட்டியவள். வெளிநாட்டுக்குப் போன அம்மாக்களை நான் பார்த்ததில்லையா? சமையல், பிள்ளை, பாத்திரம், ஜன்னல். சாவி மகளிடம். "ஒன்னைய வேலைக்காரி ஆக்கப் போறா" என்று நேராகவே சொன்னேன். நீ சிரித்தாய். "அங்கன மலை இருக்காம்டி. ஓடுறதுக்குன்னே பாதை போட்டு வச்சிருக்காகளாம். பார்த்துட்டுச் சொல்றேன், நீயும் வா."

போய்ச் சேர்ந்ததும் உன் குரல் பதிவுகள் வர ஆரம்பித்தன. இங்கே நான் மத்தியான வெஞ்சனத்துக்குத் தாளிக்கும் நேரத்தில் போன் சிணுங்கும். அங்கே உனக்குக் காலை. "டீச்சரு, இன்னைக்கு மேல ஊரு வரைக்கும் ஓடுனேன். வீடெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு வெள்ளை வெளேர்னு இருக்கு. ஊரு நடுவுல கல்தொட்டி, அதுல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு." இன்னொரு நாள் வாதுமை மரங்கள் பூத்திருந்தன. "நம்ம முருங்கை மாதிரி கொத்துக் கொத்தா, ஆனா லேசான ரோஸு." இன்னொரு நாள் ஆலிவ் தோப்புக்கு நடுவே செம்மண் பாதை. "நம்ம எரியோட்டுக்குப் போற ரோடு மாதிரியே இருக்கு, பனைதான் இல்ல. எதுக்க வர்ற கெழவருக எல்லாம் வணக்கத்துக்கு 'ஓலா'ங்குறாக. நானும் 'ஓலா'ங்குறேன். ஒன் சாமிக்கு ஊருக்கு ஊரு கோயில் இருக்கு. வாசல்ல நின்னு ஒனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிட்டேன்."

முதலில் மகிழ்ந்தேன். 'அவ மலையேறி ஓடுறா, நான் படுத்துக் கிடக்கவா' என்று தனியாகவே காலையில் கிளம்பினேன். பிறகு ஒரு நாள், பனிக்காலம் முடிகிற சமயம், உன் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கரண்டி அப்படியே நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம் எங்கே?

பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டேன். போன புதிதில் புஸ்ஸு புஸ்ஸு இருந்தது. இப்போது இல்லை. மேல ஊருக்கு ஓடியதாகச் சொல்கிறாய், குரலோ கல்லாவில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது. படங்களை உற்றுப் பார்த்தேன். தொட்டி உண்டு, மணிக்கூண்டு உண்டு, நீ இல்லை, உன் ஷூ நுனிகூட இல்லை. இதெல்லாம் போனில் யாரும் எடுக்கக்கூடிய படங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இத்தனை ஊர் சொன்னாய், ஒரு நாயைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. நாய் இல்லாத ஊர் உலகத்தில் உண்டா? இருந்தால் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவள்தானே நீ?

முடிவே கட்டிவிட்டேன். உன் மகள் உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்காகக் கதை கட்டுகிறாய்.

கேட்டால் மழுப்பினாய். "ஏண்டி, மூச்சே வாங்கலையே ஒனக்கு?" என்றேன். "இந்த ஊரு காத்து அப்படி டீச்சரு, குளுகுளுன்னு." நம்பவில்லை. சண்டை போடலாம் என்று அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து போனை எடுத்தபோது உன் மகள் கூப்பிட்டாள். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றாள். நான் அழவில்லை. "அவளை நீ வெளிய விட்டியா?" என்று கேட்டேன். முதல் கேள்வி அதுதான்.

"என்ன டீச்சர் பேசுறீங்க? அம்மா தினமும் போனாங்க."

"நீ பார்த்தியா?"

"நான் வேலைக்குப் போயிருவேன். பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு அம்மா அப்படியே போவாங்க."

"பார்க்கல. அப்ப எப்படிச் சொல்ற?"

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் அவளே வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கோபத்தில் பேசினாள். "அம்மா சொன்ன பாதையிலயே போறேன் டீச்சர். நீங்களே பாத்துக்கங்க." குளிருக்கு உன் நீலக் கோட்டை மாட்டியிருந்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். செம்மண் பாதை வந்தது. ஆலிவ் தோப்பு வந்தது. வெள்ளை வீடுகளும் கல்தொட்டியும் வந்தன. நீ சொன்னது எல்லாம் இருந்தது. அதனால் என்ன? பாதை இருப்பது பாதைக்குச் சாட்சி, நீ போனதற்குச் சாட்சி ஆகுமா? அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது குரைப்புச் சத்தம். போன் குலுங்கியது. "ஐயோ டீச்சர், நாயி!" தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு நாய், அதன் பின்னால் நொண்டிக்கொண்டு ஒரு வெள்ளை. கடிக்க வரவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு வந்து, நேராகக் கோட்டின் வலது பைக்குள் மூக்கை விட்டன. அவள் பயந்துபோய்ப் பையில் கைவிட்டாள். காய்ந்த ரொட்டித் துண்டுகள் வெளியே வந்தன. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. "ஒடச்சுப் போடு," என்றேன். "சின்னதா ஒடச்சுப் போடு. ஒன் ஆத்தா அப்படித்தான் போடுவா." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒரு வீட்டு வாசலிலிருந்து வயதான பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, கோட்டைக் காட்டி ஏதோ கேட்டாள். உன் மகள் பதில் சொல்ல, அந்த அம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்ன சொல்லுது?" என்றேன்.

"மெதுவா, நின்னு நின்னு நடந்து வருவாங்களே, இந்தத் தொட்டி விளிம்புல உக்காந்து போன்ல பேசுவாங்களே, அவங்க எங்கேன்னு கேக்குறாங்க."

நடந்து வருவாங்களே. ஓடி இல்லை. உன் மகள் அதே விளிம்பில் உட்கார்ந்து, தானாகவே சொன்னாள். இருதயம் சரியில்லை, ஓடவே கூடாது என்று அங்கத்து டாக்டர் பனிக்காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டாராம். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். "'நான் நின்னுட்டேன்னு தெரிஞ்சா டீச்சரும் ஷூவக் கழட்டிப் போட்ரும். அதுக்குச் சுகர் ஏறிரும்'னாங்க டீச்சர். இந்த ஊருல நாய் இருக்குறதையும் சொல்லாதன்னாங்க. சொன்னா நீங்க இங்க வரமாட்டீங்களாம்."

நான் சந்தேகப்பட்டது தப்பு என்று சொல்லமாட்டேன். பொய்தானே சொன்னாய்? மூச்சுச் சத்தம் இல்லாததைக் கண்டுபிடித்தேன் பார், அந்தக் காது சரியான காதுதான். ஆளை மட்டும் மாற்றிப் பிடித்துவிட்டேன். கையில் சூத்திரம் எழுதியவள் நிஜம் பேசினாள், நீ அந்தக் கல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு என்னை ஏமாற்றினாய். உன் அஸ்தியோடு அவள் வந்தபோது இந்தக் கோட்டை என்னிடம் கொடுத்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நீ நின்றுவிட்டாய். நம் கட்டுப்படி நானும் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் திரும்பித்தான் இருந்தேன். ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு யோசித்தேன். நீ நின்றதை என்னிடம் நீ சொல்லவே இல்லையே! சொல்லாத வரைக்கும் கட்டு எப்படிச் செல்லும்?

எறும்பைத் தட்டிவிட்டு, இன்று அகரம் பக்கம் ஓடினேன். பையில் ரஸ்க் இருந்தது, உன் கடையை இப்போது நடத்துகிறவர்கள் போட்டது. ஏலக்காய் குறைவு. கருப்பனும் அவன் கூட்டமும் தூரத்திலேயே குரைத்தன. பிடித்துக்கொள்ளத் துப்பட்டா இல்லை. சின்னதாக உடைத்துப் போட்டேன். வந்து தின்றன. தின்றுவிட்டுக் கருப்பன் என்னைப் பார்க்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவனுக்கும் சந்தேகம் போல. நானும் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன்.