போர்டு போகவில்லை, அண்ணி

அண்ணி,

இன்று காலை உங்கள் ரெக்கார்டர் மைக்கின் பஞ்சு உறையைக் கழற்றியபோது இஞ்சி மிட்டாய் வாசனை அடித்தது. பேசத் தொடங்குமுன் தொண்டைக்கு இதமாக ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வீர்களே, அதே வாசனை. நீங்கள் போய் எட்டு மாதமாகியும் பஞ்சு அதை விடவில்லை. எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

அண்ணன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாசாயிலிருந்து ஸ்கூடாயில் என் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.

“கம்ப்யூட்டர்ல சொருகினேன் பாப்பா. அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டேன். பாதியில நின்னுபோச்சுலா. இப்ப சிவப்பு லைட்டு மட்டும் மின்னுது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ பேசினதெல்லாம் உள்ள இருக்கு. அழிஞ்சிருக்குமா?” என்று கேட்டார்.

அந்தச் சிவப்பு விளக்கை எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைவீதி மாடியிலிருந்த அந்தச் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உங்களை அழைத்துப்போனவளே நான்தான். இரண்டு வருடமாக அங்கே சேலைக்கடை, நகைக்கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று நீங்கள் துணைக்குத்தான் வந்தீர்கள். “சும்மாதானே உக்காந்திருக்கீங்க அக்கா, ரெண்டு வரி படிங்க,” என்றார் கூடத்துக்காரர். படித்தீர்கள். அவர் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இத்தன நாளா இவங்கள ஏன் கூட்டிட்டு வரல?” என்றார். அதன்பின் எனக்கு வந்துகொண்டிருந்த அழைப்புகள் பாதியாயின. மீதிப் பாதி எங்கே போனதென்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பலாம் என்று இருவரும் ஒரே மாதிரி ரெக்கார்டர் வாங்கினோம். அதில் மட்டும் நான் உங்களுக்கு மேல். செனாய் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட கருவிகளைச் சோதித்து அனுப்புவதுதானே என் வேலை. “பாப்பா, கம்ப்யூட்டர் இத கண்டுக்கவே மாட்டேங்குது.” “பாப்பா, ஃபர்ம்வேர்னு என்னமோ கேக்குது, அது என்னது?” ஒவ்வொரு முறையும், தெரிந்த பதிலைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பதுபோல் நிறுத்துவேன். நீங்கள் காத்திருப்பீர்கள். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்காகப் பாதுகாப்பு விளக்கப் படங்கள் எடுத்தார்கள். ஒன்பது பாகங்களுக்கும் ஒரே குரல் வேண்டும். நம் இருவரிடமும் குரல் மாதிரி கேட்டிருந்தார்கள், மாலை ஐந்து மணிக்குள். பதினொரு மணிக்கு நீங்கள் கூப்பிட்டீர்கள்.

“அலமாக், பாப்பா! அப்டேட் போட்டேன், செத்துப்போச்சு. சிவப்பா மின்னிக்கிட்டே இருக்கு.”

முந்தைய வாரம் என்னுடையதுக்கும் அதுவேதான் நடந்தது. பேட்டரியைக் கழற்றி, பதிவுப் பட்டனை அமுக்கியபடியே வயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகி, அப்டேட் கோப்பை மறுபடி ஏற்றினால் போதும். பத்து நிமிட வேலை. எனக்கு அது தெரியும்.

“உள்ள இருக்கிற போர்டு போச்சு அண்ணி,” என்றேன். “கடைக்குத்தான் அனுப்பணும். ரெண்டு வாரம் ஆகும்.”

போனை வைத்துவிட்டு என் மாதிரியை அனுப்பினேன். நீங்கள் காருக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் பேசி அனுப்பினீர்கள். ஒன்பது பாகமும் உங்களுக்கே கிடைத்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்கள் மறுபடி கூப்பிட்டீர்கள். “பாப்பா, போர்டு போகல! பட்டன அமுக்கிக்கிட்டே வயர சொருகணும், அவ்வளவுதான். உனக்கும் இப்படி ஆச்சுன்னா செஞ்சு பாரு, என்ன?” சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்தச் சிரிப்பைப் பல நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு யாருடைய ரெக்கார்டர் நின்றாலும் வாட்ஸாப் குழுவில் உங்களைத்தான் கேட்டார்கள். எந்த வயர், எந்தப் பட்டன் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். செனாயில் பத்து வருடமாக இதே வேலை செய்கிறவள் அதே குழுவில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. உங்கள் சாவு வீட்டில்கூட முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா இல்லன்னா என் மெஷின தூக்கிப் போட்டிருப்பேன்,” என்று அழுதாள். நீங்கள் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் நின்று உங்கள்மேல் பொறாமைப்பட்டேன். இதை வேறு யாரிடம் சொல்வேன்?

இன்று முதலில் மெமரி கார்டை வெளியே எடுத்துவிட்டேன். “குரல் இதுக்குள்ளதான் இருக்கு. அப்டேட் இதத் தொடாது,” என்றேன். அண்ணன் மூச்சு விட்டார். பேட்டரியைக் கழற்றி, பட்டனை அமுக்கிச் சொருகினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. பிறகுதான் வயரைப் பார்த்தேன். அண்ணன் வீட்டில் சொருகிய வயரை விட்டுவிட்டு, அவசரத்தில் போன் சார்ஜருடைய வயரைக் கொண்டுவந்திருந்தார். அதில் மின்சாரம் மட்டுமே போகும், கோப்பு போகாது. என் வயரை எடுத்து மாட்டியதும் கருவி திரையில் தெரிந்தது. கோப்பை ஏற்றினேன். விளக்கு பச்சையாகி நின்றது.

“போட்டுக் காட்டு,” என்றார் அண்ணன். கார்டைத் திரும்பப் போட்டதும் அவரே ஒரு பதிவைத் தொட்டார். தேதியைப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை.

“டெஸ்ட், டெஸ்ட். ஒண்ணு, ரெண்டு, மூணு. ம்… வேல செய்யுது.” கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல். “உனக்குத் தெரியும். பத்து வருஷமா இதே வேலதானே செய்யுற. தெரிஞ்சுக்கிட்டே போர்டு போச்சுன்னு சொன்ன. நான் உனக்கு என்னடி பண்ணினேன்? சொல்லு, என்ன பண்ணினேன்?”

அடுத்த பதிவில், “பாப்பா, போர்டு போகல,” என்று தொடங்கி, நடுங்கி நிறுத்திவிட்டீர்கள். அதற்கடுத்ததில் நடுக்கம் இல்லை. போனில் நான் கேட்ட அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே சிரிப்பு. மூன்றாவது முறையில் சரியாக வந்திருந்தது. ஒரு விளம்பரத்துக்குச் செய்வதுபோலவே செய்திருக்கிறீர்கள்.

“என்ன பாப்பா இது?” என்றார் அண்ணன்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏசி சத்தம் பதிவாகும்னு நிறுத்திட்டு, அந்தச் சனிக்கிழம நடு வெயில்ல ஒரு மணி நேரம் காருக்குள்ள இருந்தா,” என்றார். “வெளிய வந்தப்ப சேல பிழியிற மாதிரி நனைஞ்சிருந்துச்சு. உன்னப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.” எழுந்துபோய், தான் குடித்த தேநீர்க் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தார். என் வீட்டில் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

உங்கள் குரலைக்கூட நான் ஒருவாறு ஒத்துக்கொண்டுவிட்டேன், அண்ணி. அது பிறவியில் வந்தது. ஆனால் அவ்வளவு கோபத்தை வாய்வரை கொண்டுவந்து, கேட்டுப் பார்த்து, வேண்டாமென்று வைத்துவிட்டு, வேறொன்றைப் பேசிப் பழகினீர்களே. அந்தச் சனிக்கிழமை எனக்கும் ஐந்து மணிவரை நேரம் இருந்தது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அதை நினைக்கும்போது வருகிற பொறாமைக்கு முன்னால், முன்பெல்லாம் பட்டது ஒன்றுமே இல்லை.

கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்றார். “அந்த மொதல்ல இருக்கிறத அழிச்சிரு பாப்பா. பிள்ளைங்க கேட்டா நல்லா இருக்காது.”

“கார்டுலேர்ந்து எடுத்துடுறேன் அண்ணே. என் போன்ல மட்டும் ஒண்ணு வச்சிக்கிறேன்,” என்றேன்.

தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

மற்றதெல்லாம் எல்லாரிடமும் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிறவன்கூட உங்கள் குரலைக் கேட்டுத்தான் தலைக்கவசம் மாட்டுகிறான். இந்த ஒன்று மட்டும் நீங்கள் எனக்கென்றே பேசியது. என் போனில் வைத்திருக்கிறேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன்.