வெளுக்காத பட்டு சோப்பு

அண்ணி, அடுப்பில் பட்டுக்கூடு வேகிறது. நாற்றம் கடை முழுக்க நிற்கிறது, கூடவே உங்கள் நினைப்பும். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்று காலை ஓர் அம்மா மகளோடு வந்தார். பெண்ணுக்குக் கல்யாணமாம். நம் பட்டு சோப்பில் ஒரு பெட்டியையே எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, இதப் போட்டா புள்ள வெளுத்துருமுங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். என் வாயிலிருந்து வந்ததோ உங்கள் பேச்சு. "வெளுக்காதுங்க. கூட்டுல இருக்கற பசை தோல் மேல படிஞ்சு ஈரத்தப் புடிச்சு வெக்கும். பனிக்கு வெடிக்காது. அவ்வளவுதானுங்க."

பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகும் என் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே!

இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? குன்னூரில் இறங்குகிற கூட்டம் நம் கடைக்குள் எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயம். "பட்டுப் புரதமுங்க, சுருக்கமெல்லாம் ஓடிருமுங்க" என்று நான் ஆரம்பித்தால், உள்ளே கூடு நறுக்கிக்கொண்டே கத்துவீர்கள்: "வயசானா சுருங்கத்தான் செய்யும் அம்மிணி!" வந்தவர்கள் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுவார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

என் கன்னத்து மங்குக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கக்கூடாதா? மாதக்கணக்கில் நம் சோப்பைத் தேய்த்துவிட்டு ஆசையாக வந்து நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தீர்கள். "மங்கு அப்படியேதான் இருக்குது. தோலு மட்டும் பூவாட்டம் ஆயிருச்சு." அன்று முழுக்க உங்களோடு நான் பேசவில்லை.

போன மார்கழியில், ஆஸ்பத்திரியில், உங்கள் கை காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. ஈரத்துணியால் துடைத்து நம் பட்டுக் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"நல்லாயிருவனா அம்மிணி?"

நீங்கள் தேறமாட்டீர்கள் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். "ஆயிருவீங்க அண்ணி. பொங்கலுக்குக் கடையில உக்காந்திருப்பீங்க" என்றேன்.

சிரித்தீர்கள். "அடேங்கப்பா! உனக்கு யாவாரம் வந்துருச்சு" என்றீர்கள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

அதோடு சரி அண்ணி. யாரிடமாவது பொய் சொல்ல வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. கூடு வெந்துவிட்டது, இறக்க வேண்டும். அழுகை வருகிறது, ஆத்திரமும் வருகிறது. இந்தக் கடையை நான் எப்படி நடத்துவேன், நீங்களே சொல்லுங்கள்.