பின் இருக்கையில் இவர்

ஒக்டோபர் 14, செவ்வாய்

அடுத்த மாதம் லாஸ் வேகாஸில் விடுமுறை. கனடாவிலிருந்து என் கணவரின் அண்ணன் குடும்பமும் வருகிறது. அவர்களுக்குக் கசினோ போதும். எனக்கு ஒரு நாளாவது அந்தப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடமாகியும் ரெய்னர்ஸ் லேன் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவதோடு சரி.

சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியில் வாடகை பைக் பதிவு செய்ய உட்கார்ந்தேன். எத்தனை ஹெல்மெட் வேண்டும் என்று படிவம் கேட்டது. இவரைப் பார்த்தேன்.

"நீங்களும் வாறியளோ?"

"நீர் ஓட, நான் பின்னுக்கு இருக்கிறதோ?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இதுவரை ஒரு தடவைகூட என் பின்னால் ஏறியதில்லை. கார் பழுதான ஞாயிறன்று நான் பைக்கில் பூசைக்குப் போனேன். இவர் மழையில் நடந்து வந்தார். கோயில் வாசலில் எல்லோரும் நிற்பார்களே.

ஒன்று என்று போட்டுவிட்டுத் தேநீர் வைக்க எழுந்தேன். திரும்பி வந்தபோது இவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணையாக்கள் எழும்ப முன்னம் வெளிக்கிடலாமோ?"

"ஓம்."

"அந்தப் பக்கம் எங்கட ஆக்கள் ஒருத்தரும் நிக்க மாட்டினம்தானே?"

"அது பாலைவனமப்பா."

தேநீரைக் குடித்து முடித்தார். "அப்ப ரெண்டு எண்டு போடும்."

போட்டேன். சந்தோஷம்தான். வீடு திரும்பியபின் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.