நக்ஷா பாஸாகும் முன் தோண்டிய குழி

சரோஜினி நகர், புது தில்லி
5-12-1979

சிரஞ்சீவி வைத்திக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜனக்புரி மனையில் நேற்றோடு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கட்டட அனுமதி ஆபீஸிலிருந்து ஜூனியர் எஞ்சினீயரே வந்து எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீட்டை இடித்துவிட்டார்கள் என்று மாடிக் குவார்ட்டர்ஸ் ராஜசேகரன் வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம், யாராவது உனக்கு அப்படி எழுதினால் நம்பாதே, இடிப்பதற்கு அங்கே இன்னும் ஒன்றும் எழும்பவே இல்லை.

நக்ஷாவை, அதுதான் வீட்டுப் பிளானை, ஐப்பசியிலேயே ஆபீஸில் கொடுத்தாயிற்று, பாஸாகி வரவில்லை. அதற்குள் கார்த்திகை எட்டு வாஸ்து நாள் வந்துவிட்டது. அதை விட்டால் மார்கழி, அப்புறம் தை பன்னிரண்டுதான். அப்பாவுக்கு ஜனவரியில் ரிடையர்மென்ட், மே மாதத்துக்குள் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அந்தப் பதற்றம் அவருக்கு. ஃபைல் மேலே போயிருக்கிறது, ஆட்சேபணை ஒன்றும் இராது என்று யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதை அனுமதி வந்த மாதிரியே எடுத்துக்கொண்டுவிட்டார். ஆடிட்டில் முப்பது வருஷம் உட்கார்ந்து, முன் அனுமதி இல்லாமல் ஏன் செய்தாய் என்று ஊரார் ஃபைலையெல்லாம் திருப்பி அனுப்பின மனுஷர்! நீயும் முகூர்த்தத்தைத் தள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தாய், உன்னைக் குறை சொல்லவில்லை, அன்றைக்குப் பூமி பூஜைக்குத் தாம்பாளத்தோடு முதல் ஆளாகப் போய் நின்றவள் நான்தான். பூஜையோடு நிறுத்தியிருந்தால் தேவலை. ஆள் வந்திருக்கிறதே என்று மிஸ்திரி அன்றைக்கே தோண்ட ஆரம்பித்தான். சமையலறை அக்னி மூலையில்தான் வரவேண்டும் என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னதில், அடுத்த வீட்டு மதிலை ஒட்டியே ஆளுயரத்துக்குப் பள்ளம் எடுத்துவிட்டார்கள். நக்ஷாவில் அந்தப் பக்கம் இடம் விட்டுத்தான் வரைந்திருந்தது.

போன வாரம் மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அந்த மதிலில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுவிட்டது. முந்தாநாள் அந்த வீட்டு சேத்தி அம்மாள் பஸ் பிடித்து இங்கேயே வந்துவிட்டாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் உட்காரக்கூட இல்லை. "பெஹன்ஜி, சுவர் போனா கட்டிக்கலாம், என் பேத்திங்க ரெண்டும் அதை ஒட்டித்தான் கயிறு தாண்டி விளையாடறதுங்க, ஜல்தி ஏதாவது பண்ணுங்க" என்றாள். அப்பாவோ, என் மனையிலே நான் தோண்டறதுக்கு ஊரையெல்லாம் கேட்கணுமா என்று முனகினார். நேற்று வந்த எஞ்சினீயருக்கு உன் வயசுதான் இருக்கும், பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து, "பாபுஜி, நக்ஷா பாஸ் பண்றது உங்களைத் தடுக்கறதுக்கு இல்லை. எவ்வளவு ஆழம், பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு தள்ளி, சாக்கடை எந்தப் பக்கமாப் போறதுன்னு தோண்டறதுக்கு முன்னாடி ஒருத்தர் பார்க்கணும். அப்புறம் பார்த்தா இப்படித்தான் பார்க்கணும்" என்று விரிசலைக் காட்டினார். பாஸாகாமல் கட்டினால் தண்ணீர்க் குழாயும் கரண்டும்கூடக் கொடுக்கமாட்டார்களாம்.

பள்ளத்தை உடனே மூடி, மதிலுக்கு மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் எஞ்சினீயர். பூஜை போட்ட குழியை மூடுவதா என்று எனக்குத் தாங்கவில்லை, பூஜை பண்ணிவைத்த வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று ஆரம்பித்தேன். "வாஸ்து புருஷன் பொறுத்துப்பார்டி, இந்தச் சுவர் பொறுக்காது" என்று சொல்லி, கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அப்பாவே மண்வெட்டியை எடுத்துவிட்டார். "ஸாப், தள்ளி நில்லுங்க, நீங்களும் உள்ளே விழுந்தா அதுக்கு எந்த ஆபீஸ்லே பர்மிஷன் வாங்கறது" என்று மிஸ்திரி பிடுங்கிக்கொண்டான். இருட்டுவதற்குள் மூடிவிட்டார்கள். பேத்திகளை முன் வாசலில் விளையாடச் சொல்லுங்கள் என்று அப்பாவே சேத்தி வீட்டுப் படியேறிச் சொல்லிவிட்டு வந்தார்.

மதில் இப்போது முட்டோடு நிற்கிறது. வெள்ளிக்கிழமை எஞ்சினீயர் மறுபடி வந்து, அது தாங்குமா, இடித்து நாம் கட்டித்தர வேண்டுமா என்று சொல்வார். அதுவரை மேகம் கூடினால் எழுந்து போய் வாசலில் நின்று பார்க்கிறேன், ஜனக்புரியில் பெய்கிறதா என்று இங்கிருந்து தெரியுமா என்ன.

சமையலறையை அக்னி மூலையிலேயே, ஆனால் மதிலை விட்டுத் தள்ளிப் போட்டுத் திருத்தின நக்ஷாவை இந்த மாதக் கடைசியில் ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். தை பன்னிரண்டுக்குள் பாஸானால், மே மாதம் முன்னறை ஒன்றாவது எழும்பும். ஆகாவிட்டால் எங்கே போவது என்று நாங்கள் இரண்டு பேரும் இன்னும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. கிரகப்பிரவேசத்துக்கென்று நீ இப்போதே லீவு எழுதி டிக்கெட் வாங்கிவிடாதே, நக்ஷா கைக்கு வந்ததும் தந்தி அடிக்கிறோம். உனக்குத் தீர்க்காயுசும் நிறைந்த மனசும் பகவான் கொடுக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

உன் பிரியமுள்ள அம்மா,
சுந்தரவல்லி