சிவகாமி, டில்லி

அண்ணே,

புளி ஊறின வாசனையும் பித்தளை வாசனையும் சேர்ந்து வீடு முழுக்க அடிக்கிறது. காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ப் பழம்புளி வாங்கி வந்து, நம் பெரிய பித்தளைச் சருவத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அமாவாசை. இந்த வாசனை வந்தால் போதும், நீ பேப்பரைப் போட்டுவிட்டு அடுக்களை வாசலில் வந்து நிற்பாய். "ஏட்டி, எழுத்து மேல அழுத்தித் தேய்க்காத, தேஞ்சு போயிரும்" என்பாய். "அப்ப நீயே தேயி" என்பேன். உடனே ஆளைக் காணாது. இன்றைக்கு நீ சொன்னபடி எழுத்தை ஒதுக்கிவிட்டுத்தான் தேய்த்தேன்.

அந்த எழுத்துதான் நம்மை என்ன பாடு படுத்தியது! சருவத்துக்கு அகன்ற வாய், கனத்த விளிம்பு, ஒரு பந்திக்குப் பாயசம் காய்ச்சலாம். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய இரண்டே சொல்: சிவகாமி, டில்லி. சின்ன வயதிலிருந்து பார்த்த எழுத்துதான். நீ ரிட்டயர் ஆகும்வரை யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. ரிட்டயர் ஆனவர்கள் லோதி தோட்டத்தில் நடக்கப் போவார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். நீ தாத்தாவைத் தேடப் போனாய்.

நம் வீட்டில் டில்லிக்கு வந்த முதல் ஆள் தாத்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். நாம் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வாழ்ந்ததற்கு ஆதாரமாக நம் தகரப்பெட்டியில் இருந்தது ஒரு குவார்ட்டர்ஸ் காகிதம், நைந்த ரேஷன் கார்டு, அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், ஆபீஸ்காரர்கள் வரிசையாக நிற்கும் ஒரு போட்டோ. போட்டோவில் எல்லாருக்கும் ஒரே கோட்டு, ஒரே தலைப்பாகை. நீ ஒருவர் மேல் விரலை வைத்து, "இவுகதான் தாத்தா, மூக்கைப் பாரு" என்றாய். "ரெண்டாவது வரிசையில நிக்கவருக்கும் அதே மூக்குதான்" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லையே நீ.

கோல் மார்க்கெட் பக்கம் அந்தப் பழைய குவார்ட்டர்ஸைத் தேடிப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் தகர வேலி. காவலாளி எழுந்து வந்து, "கிஸ்கோ டூண்ட் ரஹே ஹோ, பாபுஜி?" என்றான். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால், ஏதாவது ஆபீஸ் பெயரைச் சொல்லக்கூடாதா? நீ வெள்ளையாக, "தாதாஜி கோ" என்றாய். பாவம், ஏதோ வயசாளி வழி தவறிவிட்டார் என்று அவன் பதறிப்போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, எப்போதிலிருந்து காணோம் என்று கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

காகிதங்கள் தாத்தாவின் ஆபீசைச் சொல்லின, குவார்ட்டர்ஸைச் சொல்லின. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அப்பாவைப் பெற்ற ஆச்சி ஊரிலேயே இறந்துபோனார். தாய் இல்லாத பிள்ளையைத் தாத்தா டில்லிக்குக் கூட்டி வந்தார். அவர் ஆபீசுக்குப் போனபிறகு அந்தச் சின்னப்பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது? அப்பா எப்போதாவது, "நான் அத்தை கையால தின்னு வளந்தவன்" என்பார். யாரந்த அத்தை என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். அப்பாவும் போனபிறகு, நீ அந்த அத்தையையும் சருவத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டாய். அத்தைதான் சிவகாமி. தாத்தாவின் கூடப்பிறந்தவள்.

ஊருக்குப் போன் போட்டு விசாரித்தாய். தாத்தாவுக்குக் கூடப்பிறந்த பெண்ணே கிடையாது என்றார்கள். நீ அசரவில்லை. "பொம்பளப் பிள்ளையள எவன் கணக்குல வச்சான்? இருந்திருப்பாக" என்றாய். அதன்பிறகு நாளொரு மேனியாக அவளை வளர்த்தாய். சின்ன வயதில் தாலி அறுத்தவள். அண்ணனுக்குச் சமைத்துப்போட ரயிலேறி வந்தவள். டில்லிக் குளிரில் பல் கிட்டிக்கப் பிள்ளைக்கு வெந்நீர் போட்டவள். "செருப்பு சைஸ் மட்டுந்தான் பாக்கி, அதையும் சொல்லிரு" என்று கேலி செய்வேன். ஆனாலும் நம்பினேன். அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் விடும்போது அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி, மதினி பெயர்களுக்குப் பிறகு நீ அவள் பெயரையும் சொல்வாய். சருவத்தில் பாயசம் காய்ச்சி அவளுக்குப் படைப்போம்.

அவளை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. எனக்கென்று அம்மா வாங்கிய பித்தளை உருளியில், கல்யாணம் நிச்சயமாகும் முன்பே ஆசையாகப் பெயர் வெட்டினாள்: கோமதி, டில்லி. கல்யாணம் நடக்கவில்லை. உருளி பரணுக்குப் போனது, நான் ஆபீசுக்குப் போனேன். உன் பிள்ளைக்கு அத்தையாக இருந்தேன். வேறு யாருக்கும் எதுவாகவும் இல்லை. வெறும் அத்தையாக இருந்துவிட்டுப் போனவளுக்கும் ஒரு வீட்டில் தண்ணீர் உண்டு என்று நீ மாதம் தவறாமல் காட்டினாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

போன குளிர்காலத்தில் நீ போனாய். உன் பிள்ளை கனடாவிலிருந்து வந்து எல்லாம் முறையாகத்தான் செய்தான். கிளம்பும்போது சருவத்தைத் தடவி, "இதுல என்ன எழுதிருக்கு, அத்தை?" என்று கேட்டான். வாசித்துக் காட்டினேன். "ஓ, நைஸ்" என்றான். நல்ல பிள்ளைதான், குறை சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு இந்த ஜங்புரா வீட்டில் சத்தமே இல்லை, அண்ணே. வேலைக்கு வந்துகொண்டிருந்த செல்வி, மதராசி கேம்ப் குடிசைகளை இடித்தபிறகு ஊர்க்கோடியில் நரேலாவுக்குப் போய்விட்டாள். அவள் இருந்தவரை வாசலில் நின்று ஊர்வம்பாவது தமிழில் பேசினோம். இப்போது காய்காரனோடும் வாசல் காவலாளியோடும் இந்திதான். சில நாள் ஒரு வார்த்தை தமிழ் வாயில் வருவதில்லை. நேற்று குக்கர் சத்தம் போட்டபோது, "இரு வாரேன், பறக்காத" என்று அதனிடம் சொன்னேன். சொன்னபிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உன் போனை நான் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போடுகிறேன், எதற்கென்று கேட்காதே. நீ டில்லித் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் சருவத்தின் படத்தைப் போட்டு, 'எங்கள் குடும்பத்தில் டில்லிக்கு வந்த முதல் பெண்' என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துவிட்டு அந்தப் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. சின்னப்பெண் குரல். "ஆன்ட்டி, பாட்டிக்கு இந்த ஃபோட்டோ காட்டினேன், ஷீ ஈஸ் க்ரையிங். உங்க கூட பேசணும் சொல்றா" என்றாள். பிறகு ஒரு கிழவியின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "அது எங்க சித்தியோட பாத்திரம்மா. எங்க சிவகாமி சித்தி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாள் கும்பகோணத்துக்காரர். நமக்கும் அவர்களுக்கும் ஜாதியும் வேறு, ஊரும் வேறு. பேசப்பேச விளங்கியது. சிவகாமி நம் தாத்தாவின் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி.

அண்ணே, நம் இருவரைப்போல மடையர்கள் உண்டா? நாம் வளர்ந்த லோதி ரோடு குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், லைன் முழுக்க இருக்கும் பெரிய பாத்திரமெல்லாம் அந்த வீட்டுக்குப் போகுமே. மறுநாள் அம்மா பெயர் பார்த்துப் பிரித்து, நம் இருவர் தலையிலும் ஏற்றி, "பேரு வெட்டின பாத்திரம் பேருக்காரி வீட்டுக்குத்தான் போவணும், மாத்திக் குடுத்துட்டு வந்திராதிய" என்று அனுப்புவாளே. அத்தனை வீட்டுக்கு இரவல் பாத்திரம் சுமந்த நமக்கு, இதுவும் இரவல் சருவம்தான் என்று ஒருநாளாவது தோன்றியதா? வந்த இடத்தில் அடுத்த வீட்டாரெல்லாம் மாமா, அத்தை ஆகிவிடுவார்கள் என்பதுகூட நமக்குத் தெரியாதா?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருஷம் நீ விட்ட தண்ணீர் யாரோ ஒருத்திக்குப் போயிருக்கிறது என்பது முதலில் உறைத்தது. அம்மா சொன்னபடி சருவம் பெயர்க்காரி வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அடுத்தது. இதுவும் போனால் உன்னோடு சண்டை போட்டதற்கு என்ன அடையாளம் இருக்கிறது இந்த வீட்டில்?

ஆனாலும், வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சருவத்தைத் துடைத்து ஹாலில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு டில்லியின் மறுகோடித் துவாரகாவிலிருந்து அந்த மாமி வந்தார். உட்காரக்கூட இல்லை, நேரே போய்ச் சருவத்து விளிம்பில் விரலை ஓட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க மாமி. இத்தனை வருஷம் எங்க வீட்டுல இருந்துட்டுது" என்றேன்.

"நன்னாருக்கு. எங்காத்து இண்டக்‌ஷன் அடுப்புல இதைக் கவுத்துதான் வைக்கணும்" என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டு சொன்னார். "சித்திக்குக் குழந்தை இல்லைம்மா. உங்க தாத்தா ஆபீசுக்குப் போனா, உங்கப்பா எங்க சித்தி இடுப்புலதான். தன் அடுக்களையிலேயே உக்காத்தி வச்சு ஊட்டுவா. ஊர்ல இருந்தா நடக்குமோ? டில்லில யார் கேக்கறா! உங்க தாத்தாக்கு வேற குவார்ட்டர்ஸ் கிடைச்சுப் போனபோது குழந்தை விடமாட்டேன்னு அழுதான். சித்தி பாயசம் வச்சு, சருவத்தோட குடுத்தனுப்பிட்டா."

"திருப்பிக் கேக்கலையா?"

"சித்தப்பா கேட்டார், பெரிய பாத்திரமாச்சேன்னு. 'இருக்கட்டும், என் பேராவது குழந்தை இருக்கற ஆத்துல இருக்கட்டும்'னுட்டா. நான் அப்போ சின்னவ, அங்கதான் நின்னுண்டிருந்தேன்."

சித்திக்குத் திதி யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். மாமி கையை விரித்தார். சித்தப்பா போனதோடு நின்றுபோனதாம். நீ செய்ததைச் சொன்னேன். அமாவாசைதோறும் எங்கள் அண்ணன் அவள் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டான், பாயசம் படைத்தான் என்றேன். மாமி திரும்பிச் சருவத்து எழுத்தைத் தொட்டார். பேத்தி, "வாட் ஹாப்பன்ட், பாட்டி?" என்று அவர் தோளைத் தொட்டாள். மாமி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உன் கையைப் பிடித்திருக்கவேண்டும், அண்ணே. நீ இருந்திருந்தால், "பாத்தியாட்டி, நான் சொன்னேம்லா" என்று என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாய். நீ சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை, ஆனாலும் பார்த்திருப்பாய்.

சருவம் இங்கேயே இருக்கிறது. நாளைக்கு உனக்கும் அவளுக்கும் இதில்தான் பாயசம். எள்ளும் தண்ணீரும் நானே விடுகிறேன். பெண்பிள்ளை விடலாமா என்று யாரையும் கேட்கப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாடி வீட்டுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம் தம்பதி குடிவந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். அந்தப் பெண் வந்து, "ஆன்ட்டிங், பெருசா ஏதாச்சும் ஏனம் இருக்குங்களா? பாயசம் வைக்கோணும்" என்று கேட்டாள். நான் சருவத்தைக் கொடுக்கவில்லை. பரணில் ஏறி என் உருளியை இறக்கினேன். ஒருநாள்கூட அடுப்பு ஏறாதது. புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

இன்று சாயங்காலம் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் உருளி. அந்தப் பொடிசு விளிம்பு எழுத்தை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தது.

"மேல பரண்ல இடமில்லம்மா" என்று பொய் சொன்னேன். "உங்க வீட்டுலயே இருந்துட்டுப் போகுது."

"பேரெல்லாம் வெட்டியிருக்குதுங்களே ஆன்ட்டி?" என்றாள்.

"அதுக்குத்தான்" என்றேன்.

உன் தங்கை,
கோமதி, டில்லி