நடு வரிசைச் சீட்டு

மாமா,

கார் கடையிலிருந்து வந்து புடவையை மடிக்கும்போது அதில் புதுத் தோல் வாசனை அடித்தது. செருப்புக் கடை வாசனை மாதிரி இல்லை. ஏசிக் குளிரும் சென்ட்டும் கலந்த ஒரு வாசனை. உங்களிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அஞ்சாவதோடு நின்ற எழுத்து, கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை பெரிய கார் வாங்குகிறார். மூன்று வரிசை சீட்டு வைத்த உசத்தியான வண்டி. அவருடைய உத்திரமேரூர் ரைஸ் மில்லில் இருக்கும் பழைய வண்டி போதவில்லையாம். கோமதிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து இப்போது நம் வீட்டில் இருக்கிறாள். புது வண்டியை டிரைவரோடு இங்கேயே விடுகிறேன், பிள்ளை பிறந்து அதில்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறார். பிள்ளையோடு வருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் இவள் போக வேண்டுமே. சாலவாக்கத்திலிருந்து செங்கல்பட்டு ஆசுபத்திரிக்கு. அந்த ரோட்டில் எத்தனை பள்ளம் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குப் பெரிய வண்டி என்றால் உயிர். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துக்குள் நுழையவே மாட்டீர்கள். வாசலில் நிற்கும் கார்க் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பீர்கள். "ஏய், இங்க வா. பின்னாடி பாரு, கால் வெக்க எடமே இல்ல. பேருக்குத்தான் ஏழு சீட்டு" என்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு தடவை டிரைவர் வந்து, "இன்னா பெரியவரே, வாங்கப் போறியா?" என்று கேட்டான். "வண்டி வேணாம் நைனா. ஆரன் மட்டும் தனியா குடுப்பியா?" என்றீர்கள். அவனும் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்து காட்டினான். சாப்பாட்டுப் பந்தியில்கூட அந்தப் பேச்சுதான். "வாங்கினா மூணு வரிசை வாங்கணும். எவனையும் வுட்டுட்டுப் போவக் கூடாது."

இன்று கடையில் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கோட்டு போட்ட ஒரு பெண் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாப்பிள்ளை மேலே திறக்கிற கண்ணாடிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பித்தானை அழுத்தினால் முதுகைப் பிடித்துவிடுமாம் அந்தச் சீட்டு. "டேய், இத்த மில்லுல மூட்ட தூக்கறவங்களுக்கு வாங்கிப் போடுடா, புண்ணியமாப் போவும்" என்றார்கள். பிறகு கடைசி வரிசையையும் பார்க்கிறேன் என்று ஏறி, புடவை மாட்டிக்கொண்டு, "உள்ள பூந்துட்டேன், எறக்கறதுக்கு கிரேனு கொண்டாங்கடா" என்று கத்தினார்கள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் கண் நடு வரிசையில்தான் இருந்தது.

கறுப்பு வண்டியில் நடுவில் தனித்தனியாக இரண்டு நாற்காலி. கை வைக்கத் திண்டு, கால் நீட்டப் பலகை, ராஜா உட்காருகிற மாதிரி. இரண்டுக்கும் நடுவே நடந்து போக வழி. வெள்ளை வண்டியில் நடுவில் ஒரே நீளச் சீட்டு. "பெரிய ஃபேமிலி எல்லாம் இப்ப தனிச் சீட்டுதான் சார் கேக்குறாங்க" என்றாள் அந்தப் பெண். மாப்பிள்ளை கறுப்பு வண்டி மேல் கையை வைத்தார்.

எனக்கு உங்களை ஏற்றிப் போன வண்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கு ஏரிக்கரையிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தீர்களே. பக்கத்து வீட்டுச் சின்னக் காரில் உங்களை இரண்டு பேருக்கு நடுவே நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். என்னை முன்னால் ஏறச் சொன்னார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உங்கள் தலை இந்தத் தோளிலும் அந்தத் தோளிலும் விழுந்தது. "படுக்க வைங்களேன்" என்று கேட்டேன். "எடம் ஏது அண்ணி?" என்றார்கள். அவர்கள் சொன்னதும் நிஜம். ஆசுபத்திரி வாசல் வரைக்கும் நீங்கள் இருக்கவில்லை.

இதை அங்கே எப்படிச் சொல்வது? புது வண்டி பார்க்கிற இடத்தில் நம் ஆட்கள் தும்மக்கூடப் பயப்படுவார்கள். அதில் பொட்டில்லாத நான். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் நின்று பேசினதும் இல்லை. எதுவானாலும் கோமதியிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். இன்று அவளும் இல்லை. அவர் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. எப்படிக் கேட்டேனோ, கேட்டுவிட்டேன்.

"மாப்பிள்ளை, இதுல ஒரு ஆளப் படுக்க வெக்க முடியுமா?"

கோட்டு போட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தியம்மா முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு சம்பந்தி இது? காரு வாங்க வந்தமா, ஆம்புலன்சு வாங்க வந்தமா?"

அப்படியே தரைக்குள் போய்விடலாமா என்று இருந்தது. இதற்காக நாளைக்குக் கோமதியை ஒரு வார்த்தை சொல்வார்களே என்றும் பயம்.

மாப்பிள்ளை கறுப்பு வண்டியிலிருந்து கையை எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை வண்டியில் ஏறினார். "அத்தை, அந்தக் கதவாண்ட வந்து ஓரமா குந்துங்க" என்றார். நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். "குந்துங்க அத்தை" என்றார் மறுபடியும். உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டையோடு அப்படியே மல்லாந்து படுத்தார். அவர் தலை என் பக்கம் இருந்தது. எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டி அவர் தலைக்கு அடியில் வைத்தேன்.

"கோமதிக்குத் தாராளமா போதும்" என்றார். காலை நீட்டினார், கதவில் இடித்தது. அப்புறம், "எனக்குத்தான் கால் கொஞ்சம் மடக்கணும்" என்றார்.

சம்பந்தியம்மா என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம், "வெள்ளன்னா சேறு பட்டா அசிங்கமா தெரியுமே. இதே சீட்டோட வேற கலரு இருக்குதா?" என்று கேட்டார்கள்.

அதே நீளச் சீட்டு வைத்த வண்டிக்கு, சாம்பல் நிறத்தில் சொல்லியிருக்கிறது. வர நாளாகுமாம். வண்டி முதலில் வருமா, வலி முதலில் வருமா? கோமதி அசந்து தூங்குகிறாள். கொஞ்சம் முனகினாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மாப்பிள்ளையைவிட நீங்கள் ஒரு சாண் உயரம். திரும்பி வருகிற வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அந்தச் சீட்டு இருந்திருந்தால், நீங்கள் அவரைவிட இன்னும் கொஞ்சம் காலை மடக்க வேண்டியிருந்திருக்கும். மடக்கின முட்டி சரியாமல் யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள், மாமா. தலை என் மடியில் இருந்திருக்கும்.