ஏழாம் வரிசையின் மீசை

3 ஜனவரி 2006, செவ்வாய்
பனி. மூலக்குளம் பஸ் லேட். ஆராய்ச்சிப் பண்ணை போய்ச் சேர எட்டரை. கோதுமைக்குத் தண்ணீர் விட்டாச்சு.

கோதுமையை ரேஷனில் வாங்கியதோடு சரி. செடியாகப் பார்த்தது இங்கேதான். தாய்ச் செடிக்குக் கதிர் நுனியில் முள் முள்ளாய் நீள மீசை, கதிர் நிறைய, மணி பொடி. அப்பன் மழமழ மொட்டை, கதிர் கொஞ்சம், மணி குண்டு. போன வருஷம் நானும் கூட வேலை செய்கிற அஞ்சலையும் தாயின் பூவைத் திறந்து, அதன் தூள் அதிலேயே விழாதபடி இடுக்கியால் மூன்று மகரந்தப் பையையும் எடுத்துவிட்டு, அப்பன் தூளைத் தடவினோம். அந்த விதைதான் இப்போது வரிசை வரிசையாக. விளைச்சல் யார் பக்கம் போகும்? அதை எண்ணித்தான் பாரதி பாப்பா டாக்டர் பட்டம் வாங்கணும்.

"ஒட்டு சரியா விழுந்திருந்தா பிள்ளைங்களுக்குப் பெரிய மீச வராதுக்கா. வந்தா, ஏதோ ஒரு பை உள்ள தங்கிடுச்சுன்னு அர்த்தம்."

"எனக்கே வருது பாப்பா, அதுக்கு வராதா?"

சிரித்தாள். ஆனால் ஏழாம் வரிசை என் கைவேலை. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறதென்று யாருக்கும் சொல்லவில்லை. மில்லில் அறுந்த நூலை விரலாலேயே முடிந்தவள்தானே என்று தடவித் தடவி எடுத்தேன். தெரிந்தால் இடுக்கி போச்சு. களை எடுக்க அனுப்பிவிடுவார்கள்.

6, வெள்ளி
நல்ல வெயில். அஞ்சலை வரிசையில் கதிர் வந்தாச்சு. நுனியில் மட்டும் அரும்பு மீசை. கதிர் ஆத்தாள் போல நிறைய, உடம்பு அப்பன் போலத் தடிமன். மண்ணுக்குள் கிடந்த ஒற்றை மணிக்கு யார் சொல்லிக் கொடுத்தது, இதை இவளிடம் எடு, அதை அவனிடம் எடு என்று? டீயில் தோய்க்கிற பன்னுக்குள் இவ்வளவு சங்கதி.

ஏழாம் வரிசையில் கதிர் இன்னும் வரவில்லை.
வாங்க: பூண்டு, சோப்பு, அவருக்கு முதுகுத் தைலம்.

9, திங்கள்
ஏழாம் வரிசையில் ஒன்பது செடி. ஆறுக்கு முழு மீசை.

பண்ணையில் யாரும் இல்லை. முதல் செடியைப் பிடுங்கப் பிடித்தும்விட்டேன். எலி கடித்தது என்றால் முடிந்தது. மீசை உள்ளங்கையில் குத்தியது. நான் ஒளித்ததை ஒரு விதை ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்து சொல்கிறது! கையை எடுத்துவிட்டேன்.

பாரதி வந்ததும் சொன்னேன். "கண்ணு தெரியல பாப்பா. தடவித்தான் எடுத்தேன்."

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"கண்ணாடி போட்டா கதாநாயகி சான்ஸ் போயிடுமேன்னுதான்."

சிரிக்கவில்லை. ஆறு செடிக்கும் சிவப்பு நூல் கட்டி ஒதுக்கினாள். எனக்கு நாள் முழுக்கக் களை எடுப்பு.

12, வியாழன்
பெரிய மார்க்கெட்டில் வாங்கிய கண்ணாடி.

அஞ்சலை: "யக்கா, தலைமை டீச்சர் மாதிரியே இருக்க."

"அப்ப முட்டி போடுடி."

பாரதி இடுக்கியை நீட்டினாள். "ஒரு பூ மட்டும். நான் பாக்கறேன்."

திறந்தேன். பச்சையாக மூன்று பை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு. எடுத்தேன். அடியில், தூள் ஒட்டவேண்டிய இடத்தில், இரண்டு வெள்ளை இறகு. கொசு இறகைவிடச் சின்னது. என் மூச்சுக்கு அசைகிறது. இதையா குருட்டு விரலால் தடவிக்கொண்டிருந்தேன்?

"எத்தனைக்கா எடுத்த?"

வாயைத் திறந்தால் இறகு பறந்துவிடும் போல இருந்தது. மூன்று விரலைக் காட்டினேன்.